இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது?

வணக்கம் சார்,

அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றின் தமிழ்த் துறையில் முழுநேர பிஎச்.டி. ஆய்வாளராக இருக்கிறேன். கோர்ஸ் ஒர்க் முடித்துவிட்டு போன வாரம் டாக்டோரல் கமிட்டி முன்னால் முன்மொழிவை வைத்தேன். தலைப்பு, ‘குஜிலி நூல்கள் – ஓர் ஆய்வு’, சந்தையில் சில காசுக்கு விற்ற பழைய பாட்டுப் புத்தகங்களைப் பற்றி. முழுதாகப் பேசக்கூட விடவில்லை. உள் உறுப்பினர், “இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது?” என்றார். வெளியிலிருந்து வந்தவர், எத்தனை நூல் பார்த்தீர்கள் என்றார், முப்பது இருக்கும் என்றேன், சிரித்தார். சங்க இலக்கியத்தில் ஏதாவது எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். என் கைடு வாயே திறக்கவில்லை. முன்மொழிவை இணைத்திருக்கிறேன். தலைப்பை மாற்றவா, கைடை மாற்றவா, இல்லை பி.எட். சேர்ந்துவிடவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பி.எட். பற்றி வீட்டில் கேளுங்கள். மற்ற இரண்டுக்கும் பதில், வேண்டாம்.

‘இலக்கியம் எங்கே’ என்ற கேள்வியை நினைத்துத்தான் நீங்கள் கொதிக்கிறீர்கள் என்று தெரிகிறது. கால் அணா, அரை அணாவுக்குச் சந்தையிலும் தெருமுனையிலும் விற்ற பாட்டுப் புத்தகங்களை இலக்கியமாகச் சேர்க்கலாமா என்ற சண்டை தமிழில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ என்ற ஆய்வு நூல் வந்து எத்தனையோ வருடங்கள் ஆகின்றன. அந்த உறுப்பினருக்கு அது தெரியாமல் இருக்கலாம், அது அவர் குறை. ஆனால் உங்கள் முன்மொழிவிலும் அந்தப் பெயர் இல்லையே, அதை என்ன சொல்வது? உங்களுக்கு முன்னால் இதில் இறங்கியவர் என்ன செய்தார், அவர் விட்ட இடத்திலிருந்து நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று அரைப் பக்கம் எழுதியிருந்தால் அந்தக் கேள்விக்கு நீங்கள் வாய் திறந்து பதில் சொல்லவே வேண்டியிருந்திருக்காது. அதற்குப் பதில் முதல் ஒன்பது பக்கம் அச்சுக்கலை வரலாறு, தரங்கம்பாடிப் பாதிரியார் சீகன்பால்குவில் தொடங்கி. தரங்கம்பாடியில் அச்சகம் வந்த கதை கமிட்டியில் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது கேள்வியை நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போகிறீர்கள். எனக்கு அந்தக் கூட்டத்தில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான் என்று படுகிறது. வெளி உறுப்பினராகப் போய் உட்கார்ந்த இடங்களில் நானும் முதலில் அதைத்தான் கேட்பேன் (சிரிக்க மாட்டேன், அது வேறு). எதைப் பார்க்கப்போகிறீர்கள், அது எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது? கருதுகோள், அணுகுமுறை, இயல் பகுப்பு எல்லாவற்றையும் பழைய ஆய்வேட்டிலிருந்து எடுத்துப் போட்டுவிடலாம், பலர் அதைத்தான் செய்கிறார்கள். மூலங்களின் பட்டியலை மட்டும் அப்படி எடுக்க முடியாது, போய் உட்கார்ந்தவரிடம்தான் அது இருக்கும்.

அதனால் சென்னைக்கு ரயில் ஏறுங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் தனி ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவை, அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி இங்கேயே வைத்து 1994-இல் நூலகமாக்கியது. இந்தச் சின்னப் புத்தகங்கள் அங்கே இருக்கின்றன. நீங்கள் பார்த்த முப்பதும் யாரோ தொகுத்துப் போட்டவையாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன், மூலத்தின் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அச்சகத்தின் பெயர், முகவரி, விலை, யார் செலவில் அச்சானது, பின்னட்டையில் என்ன விளம்பரம், எல்லாம் அந்த அட்டையில்தான் இருக்கிறது.

அப்புறம் எழும்பூரில் ஆவணக் காப்பகம். 1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டப்படி, அச்சான ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியையும் அரசிடம் கொடுத்தாக வேண்டியிருந்தது, அரசு காலாண்டுக்கு ஒருமுறை பட்டியல் வெளியிட வேண்டியிருந்தது. அந்தப் பட்டியலில் தலைப்பும் ஆசிரியரும் மட்டுமில்லை, பக்கம், எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி, என்ன விலை என்பதும் பதிவாக வேண்டும் என்று சட்டமே சொன்னது. எல்லோரும் ஒழுங்காகப் பதிந்தார்கள் என்று நம்பிவிடாதீர்கள், ஓட்டை இருக்கும். இருந்தாலும், ஒரு கொலைச் சிந்து (நடந்த கொலையைப் பாடும் பாட்டுப் புத்தகம்) எத்தனை பிரதி அச்சானது, அதே அச்சகம் அதே வருடம் போட்ட பக்திப் பாடல் எத்தனை பிரதி, கொலை நடந்து எவ்வளவு நாளில் சிந்து வெளியானது, தீர்ப்புக்கு முன்னாலா பின்னாலா என்றெல்லாம் கேட்க முடிகிற நிலைக்கு வந்துவிடுவீர்கள். அந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே ஒரு ஆய்வேட்டுக்குப் போதும். ‘குஜிலி நூல்கள் – ஓர் ஆய்வு’ என்பதில் கேள்வியே இல்லை. அந்த ‘ஓர் ஆய்வு’ என்ற வாலை நம் பல்கலைக்கழகங்கள் எப்போது வெட்டும் என்று தெரியவில்லை, நீங்களாவது வெட்டுங்கள். கொலைச் சிந்து மட்டும், இருபது வருடம் மட்டும், சென்னையில் அச்சானவை மட்டும் என்று எல்லை கட்டுங்கள். சுருக்கினால் மதிப்புக் குறைந்துவிடும் என்று பயப்படாதீர்கள். குறைந்தது மூன்று வருடம், அதிகம் போனால் ஆறு வருடம் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) கணக்கு (பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் சலுகை உண்டு). இந்தக் காலத்துக்குள் முடிகிற வேலையா என்பதைப் பார்க்கவும்தான் கமிட்டி உட்கார்கிறது.

சரி, கமிட்டியின் தவறு? இருக்கிறது. 2022 யுஜிசி விதிமுறையில் இதற்கு ஆய்வு ஆலோசனைக் குழு என்று பெயர். முன்மொழிவைப் பரிசீலித்துத் தலைப்பை இறுதி செய்வது அதன் வேலை, அதோடு ஆய்வை எப்படி வடிவமைப்பது, எந்த முறையில் செய்வது என்று வழிகாட்டுவதும் அதன் வேலை என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது. ‘சங்க இலக்கியத்தில் ஏதாவது’ என்பது வழிகாட்டலா? ஒவ்வொரு பருவமும் நீங்கள் அவர்கள் முன்னால் நிற்க வேண்டும், முன்னேற்றம் போதாது என்றால் காரணத்தைப் பதிவு செய்து, திருத்த வழியும் சொல்ல வேண்டும் என்றும் விதி இருக்கிறது. முன்னேற்றத்துக்கே காரணம் எழுத வேண்டும் என்னும்போது முன்மொழிவைத் திருப்புவதற்கு எழுதினால் என்ன? கூட்டத்தின் மினிட்ஸ் நகலைக் கேட்டு வாங்குங்கள். பணிவாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். வாயால் சொன்ன ‘தலைப்பை மாற்று’ அதில் ‘மூலங்களை வரையறுத்து மீண்டும் சமர்ப்பிக்கவும்’ என்று இறங்கியிருக்கும் என்பது என் அனுபவம். எழுதும்போது எல்லோரும் கொஞ்சம் நிதானமாகிவிடுகிறார்கள்.

உங்கள் கைடுதான் அந்தக் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளர். உள் உறுப்பினர் அவருக்குச் சக ஆசிரியர், நாளைக்கு அவருடைய மாணவரின் கமிட்டியில் இவர் போய் உட்கார வேண்டும். பேசாமல் இருந்ததற்கு அதுவே போதுமான காரணம். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்ததில்லை, மாணவருக்காகப் பேச வேண்டியவரே கூட்டத்தைக் கூட்டி, கையெழுத்து வாங்கி, வந்தவர்களுக்குச் சாப்பாடும் சொல்கிறவராக இருக்கிறார். ஆனால் இதற்காகக் கைடை மாற்றப் போனால் ஒரு வருடம் கோப்பின் பின்னால் அலைவீர்கள். அடுத்த கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே அவரிடம் புதிய வரைவைக் கொடுத்து, வெளி உறுப்பினருக்கும் அவர் மூலமாகவே அனுப்பச் சொல்லுங்கள். அந்த மனிதர் சிரித்தாலும் சரியான கேள்வி கேட்டவர், பட்டியலோடு போனால் உங்கள் பக்கம் பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

தரமணி போய் வந்து பட்டியல் தயாரானதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பல நூல்களில் ஆண்டே போட்டிருக்காது. அச்சக முகவரியையும் விளம்பரங்களையும் வைத்து அதை எப்படிக் கணிப்பது என்று அப்போது எழுதுகிறேன்.

அன்புடன்