பார்சிலோனாவிலிருந்து அன்டோராவுக்கு ஒரே நாளில் போய் வரலாமா? எப்படித் திட்டமிடுவது?

பஸ்ஸா காரா, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எதையெல்லாம் பார்ப்பது என்று எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். கையில் இருக்கும் விசா எப்படிப்பட்டது என்று மட்டும் சொல்லவில்லை. தமிழில் கேட்டிருப்பதால் இந்தியப் பாஸ்போர்ட், சுற்றுலா விசா என்றே வைத்துக்கொள்கிறேன். ஐரோப்பியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் என்றால் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். உங்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

ஸ்பெயினுக்கும் பிரான்ஸுக்கும் நடுவில் இருக்கும் குட்டி நாடு அன்டோரா. அது ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, ஒரே விசாவில் பல நாடுகளுக்குப் போக விடும் ஷெங்கன் கூட்டமைப்பிலும் இல்லை. உள்ளே நுழைய அந்த நாடு நம்மிடம் தனியாகச் சுற்றுலா விசா கேட்பதில்லை. வம்பெல்லாம் திரும்பும்போதுதான். விமான நிலையமும் இல்லை, ரயிலும் இல்லை. ஸ்பெயின் வழியாகவோ பிரான்ஸ் வழியாகவோதான் வெளியே வர வேண்டும். இரண்டுமே ஷெங்கன் நாடுகள். ஆகவே அன்டோராவில் கால் வைத்தால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவில் நுழைவுகளின் எண்ணிக்கைக்கென்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'மல்ட்' என்று இருந்தால் பலமுறை நுழையலாம், கவலையில்லை. 01 என்று இருந்தால் ஒருமுறைதான், போகாதீர்கள். "எங்களை யாரும் பார்க்கவே இல்லை, நிம்மதியாகப் போய் வந்தோம்" என்று சிலர் கிளம்பி வருவார்கள். எல்லா வண்டியையும் நிறுத்துவதில்லை என்பது எனக்கும் தெரியும். உங்கள் வண்டியை நிறுத்தினால் என்ன சொல்வீர்கள்? இணையத்தில் ஒருவர் பரவாயில்லை என்றார் என்றா?

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நாங்கள் பார்சிலோனாவில் குடியிருப்பு அட்டையுடன் வசிப்பவர்கள். பெரியப்பா மகனும் அண்ணியும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். அண்ணனுக்கு அன்டோரா போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பார்த்த நாடுகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடும் அல்லவா! முதல் நாள் இரவு பாஸ்போர்ட்டுகளை வாங்கிப் பார்த்தேன். அண்ணனுக்கு மல்ட், அண்ணிக்கு 01. ஒரே நாளில், ஒரே மேசையில், ஒரே வங்கிக் கணக்கைக் காட்டிக் கொடுத்த விண்ணப்பங்கள். எந்த நாட்டுத் தூதரகம் என்று சொல்லப்போவதில்லை. பயணக் காப்பீடு, மூன்று வருட வருமான வரிக் கணக்கு, தங்கும் இடத்தின் ரசீது, நான் எழுதிய அழைப்புக் கடிதம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, கணவன் பலமுறை வரலாம், மனைவி ஒருமுறைதான் வரலாம் என்று எந்தக் கணக்கில் முடிவு செய்தார்களோ! கேட்டால் பதில் வராது. கட்டிய பணமும் திரும்பாது. சரி, கேட்டது இதுவல்ல.

"சும்மா உட்கார்ந்திரு, யாரும் பார்க்க மாட்டார்கள்" என்றார் அண்ணன். ஓட்டுவது நான், ஏற்ற மாட்டேன் என்றேன். அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கடைசியில் அண்ணிதான் வழி சொன்னார்: எல்லை வரை வருகிறேன், எங்காவது இறக்கிவிடுங்கள்.

அந்த "எங்காவது"தான் லா செயு துர்ஜெல். எல்லைக்குப் பத்து கிலோமீட்டருக்கு முன்னால், ஸ்பெயினுக்குள் இருக்கும் சிறிய ஊர். அண்ணிக்குத் துணையாக என் மனைவியும் இறங்கிக்கொண்டாள். அன்டோராவுக்கு இரண்டு இளவரசர்கள் உண்டு. ஒருவர் பிரான்ஸின் அதிபர், மற்றவர் இந்த உர்ஜெல்லின் ஆயர், அதாவது பிஷப். 1278-இல் செய்துகொண்ட உடன்படிக்கையில் தொடங்கிய ஏற்பாடு. அந்த ஆயரின் பேராலயம், 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், இந்த ஊரில்தான் இருக்கிறது. எல்லை தாண்டாமலே அண்ணி ஓர் இளவரசரின் வாசலைப் பார்த்துவிட்டார். நாங்கள் பார்த்தது வாசனைத் திரவியக் கடைகளை.

மிகையாகச் சொல்கிறேன் என்பீர்கள். தலைநகர் அன்டோரா லா வெல்லாவின் மெரிட்செல் சாலையில் ஒருமுறை நடந்து பாருங்கள். அங்கே விற்பனை வரி 4.5 சதவீதம், ஸ்பெயினில் 21. கூட்டம் ஏன் என்று புரியும். ஆனால் சற்றுத் தள்ளி காசா தெ லா வால் இருக்கிறது. 1580-இல் கட்டிய கல் வீடு. 2011 வரை நாடாளுமன்றம் அதில்தான் கூடியது. உள்ளே ஏழு பூட்டுப் போட்ட ஓர் அலமாரி. நாட்டில் ஏழு வட்டாரங்கள். வட்டாரத்துக்கு ஒரு சாவி. ஏழும் சேர்ந்தால்தான் திறக்கும், ஆவணங்கள் அதற்குள். அண்ணன் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே நின்றது அங்கேதான். நேரம் இருந்தால் கனிலோ பக்கம் ஏறி ரோக் தெல் கெர் பார்வை மேடையில் நில்லுங்கள். கடைகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

வாங்கினாலும் வரம்பு உண்டு. கடுமையான மதுவகை என்றால் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். அண்ணன் நான்கு பேர் கணக்குப் போட்டுப் புட்டிகளை எடுத்தார். "இரண்டு பேர் லா செயுவில் இருக்கிறார்கள்" என்றேன். பாதியைத் திரும்ப வைத்தார். நல்லவேளை, எல்லையில் ஸ்பெயின் சுங்கக் காவலர் கையைக் காட்டி ஓரங்கட்டச் சொன்னார். பின்பக்கத்தைத் திறந்து, பையைத் தூக்கி, புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். பிறகு பாஸ்போர்ட் கேட்டார். அண்ணனுடையதை எடுத்ததும் புரட்டிய முதல் பக்கமே விசா ஒட்டிய பக்கம். அதன் பிறகு வீடு வந்து சேரும் வரை அண்ணன் என்னிடம் வாதாடவில்லை.

இனி நீங்கள் கேட்டவை. தூரம் சுமார் 200 கிலோமீட்டர், இரண்டரை முதல் மூன்று மணி நேரம். பஸ் பார்சிலோனாவின் நோர்ட் நிலையத்திலிருந்து கிடைக்கும். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, திரும்பும் டிக்கெட்டையும் அப்போதே எடுத்துவிடுங்கள். வாடகைக் கார் என்றால் அன்டோராவுக்குள் கொண்டுபோக அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பனிக்காலத்தில் டயர்ச் சங்கிலி அவசியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் சலுகை அங்கே செல்லாது. எல்லைக்கு முன்பே போனில் டேட்டாவை அணைத்துவிடுங்கள். நாங்களும் அணைத்துவிட்டதால், பேராலய வாசலில் ஐந்து மணி என்று முன்பே பேசி வைத்திருந்தோம். ஞாயிறு மாலை திரும்புவதாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். பனிச்சறுக்குக்கும் கடைகளுக்கும் போன கூட்டம் மொத்தமும் அதே ஒற்றைச் சாலையில்தான் இறங்கும்.