இலவச ஸ்லீப் டெஸ்ட்: யாரிடம், எங்கே?

கேள்வி: கணவருக்கு 46 வயது. பலமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுகிறார். சிக்னலில் பைக்கை நிறுத்தினாலே கண் சொருகுகிறது. ஸ்லீப் டெஸ்டுக்காக ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்கச் சொல்கிறார்கள். இதற்கு மாட்டும் மூச்சு மெஷின் (சிபாப்) விற்பவர் ஒருவர் வீட்டுக்கே வந்து இலவசமாக டெஸ்ட் எடுக்கிறேன் என்கிறார். எது சரி?

பதில்: முதலில் பைக் சாவியை வாங்கி வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

நீங்கள் சொல்வது, தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியா நோய் போலத் தெரிகிறது; இந்த அறிகுறிகளுக்கு வீட்டு டெஸ்டே போதும். ஆனால் அந்த ஆளிடம் வேண்டாம். டெஸ்ட் எடுப்பவரே மெஷினும் விற்றால் ரிப்போர்ட்டும் கொட்டேஷனும் ஒரே கவரில் வரும். சாஃப்ட்வேர் தானாகப் போட்ட கணக்கை டாக்டர் பார்க்காமலே பிரின்ட் எடுத்து நீட்டுபவர்கள் இருக்கிறார்கள். பழைய மெஷினைத் தள்ளிவிடுபவர்களும் உண்டு. உள்ளே இருக்கும் ஃபோம் சிதைகிறது என்று 2021இல் பிலிப்ஸ் நிறுவனமே லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற்றது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். நுரையீரல் டாக்டரையோ காது மூக்கு தொண்டை டாக்டரையோ பார்த்து, அவர் எழுதிக் கொடுத்த பிறகு டெஸ்ட் எடுங்கள்.

மூக்கில் குழாய், நெஞ்சில் பெல்ட், விரலில் ஆக்சிஜன் கிளிப். வீட்டு டெஸ்ட் பெரும்பாலும் இவ்வளவுதான். மூளை அலையைப் பதியாததால், ஆள் தூங்கினாரா புரண்டுகொண்டிருந்தாரா என்று அதற்குச் சரியாகத் தெரியாது. விழித்திருந்த நேரத்தையும் சேர்த்துச் சராசரி போடுவதால் நோய் குறைவாகக் காட்டலாம். அறிகுறி உள்ளவருக்கு மணிக்கு 5 தடவை மூச்சு தடைபட்டாலே சிகிச்சை பற்றிப் பேசலாம். 30 தாண்டினால் கடுமை. 5க்குக் கீழே வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். இத்தனை அறிகுறி உள்ளவருக்கு அடுத்தது ஆஸ்பத்திரி டெஸ்ட்தான்.

அவருக்கு இதயக் கோளாறு உண்டா? எழுதவில்லை. இருந்தால் வீட்டு டெஸ்ட் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி டெஸ்டுக்கே போங்கள். இதயம் பலவீனமானவர்களுக்குத் தொண்டை அடைக்காமலே, மூளை கட்டளை தராமல் மூச்சு நிற்கலாம். அது வேறு நோய், வைத்தியமும் வேறு. எக்கோ என்ற இதய ஸ்கேனில் ஈஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்து, இப்படி மூச்சு நின்றவர்களுக்கு ஏஎஸ்வி என்ற இன்னொரு வகை மூச்சு மெஷினைப் பொருத்திப் பார்த்தார்கள். இதயநோய்ச் சாவு கூடியது என்று 2015இல் வந்த ஆய்வு சொன்னது. எனவே எக்கோ ரிப்போர்ட் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

ஆஸ்பத்திரி டெஸ்ட் என்றால் இன்சூரன்ஸ் கார்டை நம்பி அட்மிட் ஆகாதீர்கள். பரிசோதனைக்காக மட்டும் படுத்தால் பணம் கிடையாது என்ற விதிவிலக்கு பெரும்பாலான பாலிசிகளில் இருக்கிறது. ஒரு ராத்திரி படுத்தால்தான் முடியும் டெஸ்ட் இது; படுத்ததற்குக் காசு தரமாட்டார்களாம்! கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.