வல்லூறு ஹிட்லரா?

கேள்வி: பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆங்கிலக் கவிஞர் டெட் ஹியூஸின் 'ஹாக் ரூஸ்டிங்' கவிதை பாடமாக இருக்கிறது. அந்தப் பறவை ஹிட்லரைக் குறிக்கிறது என்று கைடில் போட்டிருக்கிறார்கள். கவிஞரே அதை மறுத்துவிட்டார் என்கிறார் எங்கள் மேடம். 'அதிகாரத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் குறியீடாக ஹாக்' என்று பத்து மார்க் கேள்வி வந்தால் எதை எழுத? பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். ஹாக் என்றால் கழுகா பருந்தா என்பதிலேயே குழப்பமாக இருக்கிறது.

பதில்: கடைசிக் குழப்பத்திலிருந்தே தொடங்குகிறேன், பாதி விடை அதில்தான் இருக்கிறது. கழுகு பெரிய பறவை, அது ஈகிள். மீன் மார்க்கெட்டுக்கு மேலே வட்டமடிக்கிறதே, அது பருந்து, கைட். ஹாக் என்பதற்கு நம் ஊரில் ஒத்துவருவது வல்லூறு. புறா அளவுதான் இருக்கும். கிளை மறைவில் அசையாமல் உட்கார்ந்திருந்து, ஓணானோ சிட்டோ கண்ணில் பட்டதும் ஒரே பாய்ச்சல். எங்கள் வீட்டுப் பின்னால் இருக்கும் வேப்பமரத்துக்கு ஒன்று வருவதுண்டு. அது வந்திருப்பதை அணில் கத்துவதை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். அப்புறம் கொஞ்ச நேரத்தில் தோட்டமே வாயடைத்துப்போகும். நிமிர்ந்து பார்த்தால் அது ஒன்றுமே செய்திருக்காது. சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஹியூஸின் கவிதையிலும் இதுதான் நடக்கிறது. ரூஸ்டிங் என்றால் அடைவது. 'காக்கா அடையிற நேரம்' என்கிறோமே, அந்த அடைதல். 1960-இல் வந்த 'லூபர்கால்' தொகுப்பில் இருக்கிறது. நாலு நாலு வரியாக ஆறு பத்தி, 24 வரி. முழுக்கப் பறவையே பேசுகிறது. காட்டின் உச்சியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறேன் என்று ஆரம்பித்து, இனியும் எல்லாவற்றையும் இப்படியே வைத்திருக்கப்போகிறேன் என்று முடிக்கிறது. நடுவில் தலையைப் பிய்ப்பது பற்றி, எலும்பை ஊடுருவிப் பறப்பது பற்றியெல்லாம் பேச்சு வருகிறது. ஆனால் கவிதைக்குள் ஒரு எலிகூடச் சாகவில்லை. நகம், அலகு, ரத்தம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

பறவை என்ன சொல்கிறது என்பதைவிட எந்த மாதிரி வார்த்தையில் சொல்கிறது என்று பாருங்கள். உயர்ந்த மரங்கள் அதற்கு 'கன்வீனியன்ஸ்'. காற்றும் வெயிலும் 'அட்வான்டேஜ்'. பூமி முகத்தை மேலே திருப்பிக் கிடப்பது தன் 'இன்ஸ்பெக்‌ஷனு'க்காக. சாவு என்பது 'அலாட்மென்ட்'. கடைசியில் வருகிறது, என் கண் எந்த மாற்றத்தையும் 'பெர்மிட்' பண்ணவில்லை என்று. வசதி, அனுகூலம், ஆய்வு, ஒதுக்கீடு, அனுமதி. இதை ஒரு பறவையின் பேச்சு என்பீர்களா, ஆபீஸ் சுற்றறிக்கை என்பீர்களா? மிருகத்தின் வாயில் ஃபைல் பாஷையை வைத்ததுதான் ஹியூஸின் சாமர்த்தியம். பத்து மார்க் விடையில் இந்த ஒரு பத்தி ஒழுங்காக வந்தாலே பேப்பர் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொன்று, பென்சிலை எடுத்து 'ஐ', 'மை', 'மீ', 'மைன்' எல்லாவற்றையும் வட்டமிடுங்கள். 24 வரியில் இருபதுக்கு மேல் வரும். கூடவே, பெரும்பாலான வாக்கியங்கள் குட்டையாக, மறுபேச்சுக்கு இடமில்லாமல் முற்றுப்புள்ளியோடு நிற்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடு என்று எழுதிவிட்டு உதாரணம் தேட வேண்டாம்; வாக்கியத்தின் நடையே உதாரணம்.

அப்புறம் கால். சிறகு என்ற சொல் கவிதையில் கிடையாது. 'ஃபெதர்' ஒரே ஒரு முறை. கால் மட்டும் நாலு முறை. இந்தக் காலைப் படைக்க மொத்தப் படைப்பும் தேவைப்பட்டது, இப்போது அந்தப் படைப்பை என் காலில் பிடித்திருக்கிறேன் என்கிறது. நாம் 'ஊரையே கைக்குள் வைத்திருக்கிறான்' என்போம். கையில்லாத பறவைக்குக் கால். ஆனால் இதே காலைப் பற்றி, சொரசொரப்பான மரப்பட்டையில் அது பூட்டியிருக்கிறது என்றும் ஒரு வரி இருக்கிறது. அது வெறும் அலங்காரம் இல்லை. மரத்தில் அடையும் பறவை காலை மடக்கி உட்காரும்போது தசைநாண் இழுபட்டு விரல்கள் தாமாகவே கிளையை இறுக்கிக்கொள்ளும். அதனால்தான் தூங்கினாலும் விழுவதில்லை. உலகத்தையே பிடித்திருப்பதாகச் சொல்லும் கால், ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதுவும் தன் இஷ்டத்தில்கூட இல்லாமல். கைடுகளில் இது இருக்காது, என் வாசிப்பு. பொருந்துவதாகப் பட்டால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சரி, ஹிட்லர். உங்கள் மேடம் சொல்வது உண்மை, கைடு சொல்வது முழுப்பொய்யும் இல்லை. 1971-இல் வெளியான ஒரு பேட்டியில் ஹியூஸ் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். இந்தப் பறவையைப் பாசிஸ்ட் என்று குற்றம் சாட்டுகிறார்கள், நான் மனதில் வைத்தது அந்தப் பறவைக்குள் இயற்கை சிந்திப்பதை மட்டுமே என்றார். பைபிளில் யோபுவிடம் பேசும் கடவுளை மாதிரி ஒரு படைப்புச் சக்தி என்றும் சொன்னார். யோபு 39-ஆம் அதிகாரத்தைப் புரட்டினால், உன் புத்தியாலா ராஜாளி பறக்கிறது என்று கடவுள் கேட்கும் இடம் வரும். அதே பேட்டியில், பறவையின் குரல் தான் நினைத்த தாய்த்தெய்வத்தின் குரலாக ஒலிக்கவில்லை, ஹிட்லரின் குட்டிச்சாத்தான் பேசுவதுபோல ஒலிக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். மறுத்தார் என்று சொல்கிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே 'ஹாக் என்றால் ஹிட்லர்' என்று சமன்பாடு போடாதீர்கள். 'கவிஞர் மறுத்துவிட்டார்' என்று முடித்துக்கொள்ளவும் வேண்டாம். பறவைக்குக் கொல்வது குற்றமில்லை, அதன் உடம்பில் குதர்க்கம் இல்லை என்று அதுவே சொல்கிறது. இதே வாக்கியங்களை ஒரு மனிதன் சொன்னால் நமக்கு முதுகு சிலிர்க்கும். வார்த்தைகள் மனிதனுடையவை என்பதால்தான் சர்வாதிகாரி நினைவுக்கு வருகிறான். இந்த இடைவெளியை எழுதுங்கள். 'டிராமாட்டிக் மோனலாக்' (ஒரு பாத்திரமே பேசுவதாக அமையும் கவிதை) என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள். பேசுவது கவிஞர் இல்லை என்று உங்களுக்குத் தெரியும் என்பதற்கு அது அத்தாட்சி.

ஒப்பிடச் சொன்னால், அதிகாரமும் கட்டுப்பாடும் ஒன்றல்ல என்று காட்ட ஒரு கவிதை போதும். ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் 1919-இல், முதல் உலகப்போர் முடிந்த கையோடு எழுதிய 'தி செகண்ட் கமிங்' பெரும்பாலும் உங்கள் சிலபஸிலேயே இருக்கும். அங்கே பறவை வேட்டைக்குப் பழக்கிய ஃபால்கன். வட்டம் பெரிதாகிக்கொண்டே போக, பழக்கியவனின் குரல் அதன் காதில் விழுவதில்லை. பலம் பறவையிடம், பிடி மனிதனிடம்; பிடி நழுவுகிறது. ஹியூஸின் பறவைக்குப் பிடிப்பவனே கிடையாது. உருதுக் கவிஞர் இக்பாலின் ஷாஹீன் என்ற வேட்டைப்பறவை வேறு ரகம். கூடு கட்டாத துறவி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும். அங்கே பறவை தன்மானத்துக்கு அடையாளம். புறநானூற்றின் 43-ஆம் பாட்டில் கூரிய நகமுடைய பருந்துக்குப் பயந்து புறா ஒன்று சோழனிடம் தஞ்சம் புகுகிறது. அவன் தராசில் ஏறுகிறான். அங்கே அதிகாரம் அரசனுடையது, பருந்து அதை எடைபோட வந்த பசி. இரண்டு வரிக்கு மேல் இதை எழுதாதீர்கள், கேள்வி ஹியூஸைப் பற்றியது.

கடைசியாக ஒன்று, பரீட்சைக்கு அல்ல. நான் தொடங்கியதிலிருந்து எதுவும் மாறவில்லை, மாற விடவும் மாட்டேன் என்று அந்தப் பறவை சொன்ன அதே வருடங்களில், இங்கிலாந்தின் கிழக்குப் பகுதி வயல்களில் நம் வல்லூறுக்கு நெருங்கிய சொந்தமான ஸ்பேரோஹாக் கிட்டத்தட்ட இல்லாமலே போய்க்கொண்டிருந்தது. விதைத் தானியத்தில் பூசிய டையெல்ட்ரின் மாதிரியான பூச்சிமருந்து, விதையைத் தின்ற சிட்டுகள் வழியாக அதன் உடம்பில் ஏறியது. டிடிடி-யால் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே நொறுங்கியது. ஓடு மெலிந்துபோன விஷயம் 1967-இல்தான் நிரூபணமானது. 1960-களிலும் 70-களிலும் அந்த மருந்துகளுக்குப் படிப்படியாகக் கட்டுப்பாடு வந்த பிறகே பறவை மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது.