பழைய அவுட்போர்டில் டைமிங் தவறினால் எங்கே தொடங்குவது?

கேள்வி: என்னுடையது பாயிண்ட் இக்னிஷன் (திறந்து மூடும் தொடுமுனைகளால் பொறி வரும் அமைப்பு) உள்ள பழைய இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் மாட்டும் மோட்டார். கயிறை இழுத்தால் கையை உதறுகிறது. சில சமயம் கார்புரேட்டர் வழியே 'டப்' என்று வெடிக்கிறது. முழு திராட்டிலில் இழுவை இல்லை. பிளக் புதிது, கார்புரேட்டரும் கழுவியாகிவிட்டது. டைமிங் (பொறி வரும் நேரம்) திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?

பதில்: எந்தப் பக்கமும் வேண்டாம். வருடக்கணக்கில் சரியாக ஓடிய மோட்டாரில் அந்தத் திருகு தானாக நகராது. வேறு ஏதோ தேய்ந்திருக்கும் அல்லது நகர்ந்திருக்கும். அதை விட்டுவிட்டுத் திருகைத் திருப்பினால் இரண்டு கோளாறாகிவிடும்.

கை உதறலும் கார்புரேட்டர் வெடிப்பும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் ஃப்ளைவீல் கீ (சுழலும் கனமான வீலை கிராங்க் தண்டில் சரியான நிலையில் நிறுத்தும் சிறு உலோகத் துண்டு) மீதுதான். பிளக்குகளைக் கழற்றி, அவற்றின் வயர்களை எஞ்சின் உடலோடு இணைத்துவிட்டு, நட்டை எடுங்கள். ஃப்ளைவீலைக் கழற்ற, அதன் நடுவில் உள்ள மூன்று துளைகளில் போல்ட் மாட்டும் புல்லர்தான் வேண்டும். விளிம்பைப் பிடித்து இழுக்கும் கொக்கிப் புல்லர் வீலை வளைத்துவிடும். கீ பாதி வெட்டுப்பட்டோ ஓரத்தில் படி விழுந்தோ இருந்தால் மாற்றுங்கள். ஃப்ளைவீல் சற்று நகர்ந்தாலே காந்தம் தவறான நேரத்தில் காயிலைக் கடக்கும், பொறி பலவீனமாகும். பாயிண்டைத் திறக்கும் கேமையும் அதே கீ பிடித்திருந்தால் டைமிங்கே மாறிவிடும்.

கீ ஏன் வெட்டுப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். ஃப்ளைவீலைப் பிடித்திருப்பது கூம்புப் பொருத்தம். கீ வெறும் நிலை காட்டுவதற்குத்தான். கூம்பில் எண்ணெய் இருந்தாலோ நட்டை டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து முடுக்கும் ரெஞ்ச்) இல்லாமல் முடுக்கியிருந்தாலோ புதுக் கீயும் வெட்டுப்படும். இரு பக்கமும் எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, உங்கள் மாடலுக்கான டார்க்கில் முடுக்குங்கள். வீலுக்குள் காந்தங்கள் பசை விட்டு ஆடுகின்றனவா என்றும் பாருங்கள்.

அடுத்தது பாயிண்ட். பழைய ஜான்சன், எவின்ரூட் மேக்னெட்டோக்கள் (காந்தத்தால் பொறி தரும் அமைப்புகள்) பலவற்றில் பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது சுமார் 0.5 மி.மீ.; புது பாயிண்ட் என்றால் 0.022. கேமில் உரசும் பாயிண்டின் கட்டை படிந்து தேயும் என்பதற்காக அந்தக் கூடுதல். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறி பிந்தும், கூடினால் முந்தும். சிலிண்டருக்கு ஒரு பாயிண்ட் என்பதால் இரண்டுக்கும் இடைவெளி ஒன்றாக இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு டைமிங்! ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு), கேமின் உச்சியில் பாயிண்ட் முழுதும் திறந்த நிலையில் நுழையுங்கள். கிராங்கைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் மேல் பேரிங் தேய்ந்திருக்கிறது, பாயிண்டை எத்தனை முறை சரிசெய்தாலும் நிற்காது. கேமில் 'மேல்' என்று குறி இருந்தால் அது மேல்பக்கம்தான் இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டப்பட்ட கேம் அபூர்வமல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால் ஃப்ளைவீலின் டைமிங் குறியையே சோதியுங்கள். எல்லா பிளக்கையும் எடுத்து, முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் தடுப்பான் மாட்டி, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாக ஒரு பக்கம் தட்டும்வரை சுற்றிக் குறியிடுங்கள். மறுபக்கமும் அப்படியே. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் பிஸ்டனின் உண்மையான மேல்நிலை. வீலின் குறி அதோடு ஒத்துப்போகாவிட்டால் டைமிங் லைட் (பொறி வரும்போது மின்னி வீலின் குறியைக் காட்டும் விளக்கு) காட்டும் எண்ணை நம்ப முடியாது.

கடைசியாகத் திராட்டில் இணைப்பு. இந்த மோட்டார்களில் பாயிண்ட் தட்டே திராட்டிலோடு சுழன்று பொறியை முந்தச் செய்கிறது. தட்டின் அடியில் கிரீஸ் காய்ந்திருந்தாலோ, பிளாஸ்டிக் புஷ் தேய்ந்திருந்தாலோ தட்டு கடைசித் தடைவரை போகாது. முழு திராட்டிலில் இழுவை இல்லாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தட்டு தாராளமாகச் சுழன்ற பிறகு, திராட்டில் கேமில் (பாயிண்ட் கேம் அல்ல) உள்ள குறி கார்புரேட்டர் இணைப்பின் உருளையைத் தொடும் இடத்தில் கார்புரேட்டரின் தகடு திறக்கத் தொடங்குகிறதா என்று பாருங்கள். டைமிங் முதலில், கார்புரேட்டர் பிறகு. வரிசை மாறக் கூடாது.

டைமிங் லைட்டால் பார்க்கும்போது மோட்டாருக்குத் தண்ணீர் அவசியம். காய்ந்து ஓடினால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் சில வினாடிகளில் கெட்டுவிடும். சுமையின்றி முழு திராட்டில் கொடுப்பதும் கூடாது. உச்ச முந்தல் அளவு மாடலுக்கு மாடல் வேறு. அதைச் சர்வீஸ் புத்தகத்திலிருந்து எடுங்கள். இழுவை போதவில்லை என்று இரண்டு டிகிரி கூடுதலாக வைத்தால், முதலில் நன்றாக ஓடுவதுபோல் தெரிந்து, பிறகு பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.