பிரிந்த பின்னும் இருவர் பெயரில் வீட்டுக் கடன்: தவணைச் சுமையைக் குறைக்க வழி உண்டா?

கேள்வி: பரஸ்பர சம்மதத்தின் பேரில் சென்ற ஆண்டு விவாகரத்துப் பெற்றேன். இருவர் பெயரிலும் கடன் வாங்கிக் கட்டிய கோவை வீட்டில் நானும் மகளும் இருக்கிறோம். தவணையில் பாதியை அவர் கட்டுவார், தன் பாகத்தை எனக்கு எழுதித் தருவார் என்று தீர்ப்பில் இருக்கிறது. இரண்டும் நடக்கவில்லை. நான்கு மாதமாக அவர் பணம் தராததால் நகையை அடகு வைத்து மூன்று தவணைகளைக் கட்டினேன்; இந்த மாதத் தவணை நிற்கிறது. விவாகரத்தானவர்களுக்கு ஓராண்டு தவணை நிறுத்தம் வாங்கித் தருவதாக ஒரு கடன் ஏஜெண்ட் 60,000 ரூபாயும் பவர் பத்திரமும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். விவாகரத்தானவர்களுக்கென்று ரிசர்வ் வங்கி தவணை நிறுத்தத் திட்டம் எதையும் வைத்திருக்கவில்லை. கொரோனா காலத்தில், 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை எல்லாக் கடனாளிகளுக்கும் பொதுவாக ஒரு சலுகை இருந்தது; அது அந்த ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. அந்தப் பழைய சுற்றறிக்கையின் நகலைக் காட்டித்தான் இந்த ஏஜெண்டுகள் இன்றும் பணம் பறிக்கிறார்கள்.

அவர் கேட்கும் பணத்தைவிட அந்தப் பவர் பத்திரம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. உங்களைப் போலவே தனியாக மகனை வளர்க்கும் ஒரு பெண்மணி, கையெழுத்துப் போடுவதற்கு முதல் நாள் அப்படியொரு பத்திரத்தின் வரைவை என்னிடம் கொண்டுவந்தார். முதல் மூன்று பக்கங்களும் வங்கியில் மனுக் கொடுப்பது, கடிதம் பெறுவது என்று சாதுவாகவே போயின. நான்காம் பக்கத்தின் நடுவில், பத்தி கூடப் பிரிக்காமல், ‘மேற்படி சொத்தை விற்கவும் கிரயத் தொகையைப் பெற்றுக்கொள்ளவும்’ என்று ஒரு வரி இருந்தது. தவணையைக் குறைக்கச் சொல்லி வங்கியிடம் கேட்பதற்கு வீட்டை விற்கும் அதிகாரம் எதற்கு? ஏஜெண்டிடம் வெற்றுக் காசோலையோ கையெழுத்திட்ட வெற்றுத்தாளோ ஏற்கெனவே கொடுத்திருந்தால், இன்றே திரும்பக் கேளுங்கள். தர மறுத்தால் அந்தக் காசோலை எண்ணைக் குறிப்பிட்டு, பணம் தரக்கூடாது என்று வங்கிக்கு எழுதிக் கொடுங்கள்.

இனி கடனுக்கு வருவோம். தீர்ப்பு உங்கள் இருவரைத்தான் கட்டுப்படுத்தும். வழக்கில் சேர்க்கப்படாத வங்கியைக் கட்டுப்படுத்தாது. இருவரும் கையெழுத்திட்ட கடனில் முழுத் தொகையையும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு வங்கிக்கு உரிமை தருகிறது. அதே பிரிவு, அவர் பங்கையும் சேர்த்து நீங்கள் கட்டியதை அவரிடமிருந்து திரும்பக் கேட்கும் உரிமையை உங்களுக்கும் தருவதால், அடகுச் சீட்டு முதல் வங்கி ரசீது வரை எதையும் தொலைத்துவிடாதீர்கள். குடும்பநல நீதிமன்றம் கடன் பத்திரத்தைப் பார்த்துவிட்டே தவணையைப் பிரித்துத் தீர்ப்பெழுதுகிறது. ஆனால் வங்கிக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பி அதன் சம்மதத்தைக் கேட்பதில்லை. அந்த ஒரு நோட்டீஸ் போயிருந்தால் எத்தனையோ பெண்கள் தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு வங்கி வாசலில் நிற்க வேண்டியிருக்காது. இதைப் பலமுறை சொல்லி அலுத்துவிட்டேன்.

நீங்கள் கேட்கக்கூடிய நிவாரணம், கடன் காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைப்பது. 32 லட்சம் பாக்கி, 8.5 சதவீத வட்டி, 15 ஆண்டு மீதம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறத்தாழ 31,500 ரூபாய் வரும். 20 ஆண்டாக நீட்டித்தால் அது 27,800 ரூபாயாகக் குறையும். ஆனால் கடைசியில் ஏறத்தாழ 10 லட்சம் ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். ஆகவே மூச்சுவிட எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் நீட்டிக்கக் கேளுங்கள். மாறும் வட்டிக் கடன் என்றால், கையில் பணம் வரும்போது அபராதமில்லாமல் முன்கூட்டியே செலுத்திக் காலத்தைச் சுருக்கிக்கொள்ளலாம்.

இதைக் கேட்கும் நேரம் மிக முக்கியம். பாக்கி 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதன்பின், அடமான வீட்டை வங்கியே கைப்பற்றி விற்க வழிசெய்யும் சர்பாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். கடனை ஒழுங்காகக் கட்டியதைக் காட்டும் சிபில் பதிவும் இருவருக்கும் கெடும். உங்கள் கணக்கு இன்னும் அந்த இடத்துக்குப் போகவில்லை. எனவே இந்த வாரமே, வருமானச் சான்று, தீர்ப்பு நகல், மகளின் பள்ளிக் கட்டண ரசீது ஆகியவற்றை இணைத்து, எவ்வளவு தவணை கட்ட முடியும் என்று குறிப்பிட்டு மனு எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ‘மேலாளர் இல்லை, அப்புறம் வாங்க’ என்று திருப்பி அனுப்பினால், அங்கே நின்று வாதிடாமல், அதே மனுவை ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.

கடனிலிருந்து அவர் பெயரை நீக்கி உங்கள் பெயருக்கு மட்டும் மாற்ற, உங்கள் வருமானம் ஒன்றே போதுமா என்று வங்கி புதிதாக எடைபோடும். போதாவிட்டால் சம்பாதிக்கும் தந்தையையோ சகோதரரையோ இணைக் கடனாளியாகச் சேர்க்கச் சொல்லும். வீட்டில் தன் பாகத்தை உங்களுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை அவர் எழுதித் தரவில்லை என்பதற்கும், தவணை கட்டவில்லை என்பதற்கும் சேர்த்தே குடும்பநல நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போடச் சொல்லி உங்கள் வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

விடுதலைப் பத்திரம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உங்களுக்கு இது காலம் கடந்த செய்திதான். இன்னும் தீர்ப்பு வாங்காத வாசகர்களாவது தப்பிக்கட்டும் என்றே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் குடும்பத்தினருக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். குடும்பம் என்பதில் கணவனும் மனைவியும் அடக்கம். தீர்ப்பு வந்த மறுநாள் அவர்கள் கணவனும் மனைவியும் அல்லர் என்பதால், இந்த உச்சவரம்பை உரிமையோடு கேட்க முடியாமல் போகிறது. அதே வீடு, அதே இருவர், செலவோ பல மடங்கு. பரஸ்பர சம்மத மனுவில் முதல் விசாரணைக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே பொதுவாக ஆறு மாத இடைவெளி இருக்கிறது. வங்கியின் எழுத்துபூர்வ ஒப்புதலைப் பெற்று அந்த ஆறு மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவு செய்துவிட்டு, பதிவு எண்ணை இறுதி மனுவில் குறிப்பிட்டுவிடுங்கள்.