போதை சிகிச்சை: ஆய்வு எப்படி மையத்துக்குள் வந்தது? (கேள்வி பதில்)

ஆய்வில் ஜெயித்த சிகிச்சைகள் சாதாரண மையங்களுக்கு ஏன் வருவதில்லை?

பல்கலைக்கழகச் சோதனைகளில் ஆட்களைப் பொறுக்கித்தான் எடுப்பார்கள். குடி, மனச்சோர்வு, கோர்ட் கேஸ் எல்லாம் சேர்ந்தவரைக் கழித்துவிடுவார்கள். மையத்தின் வாசலில் வந்து நிற்பவரோ அவர்தான். அமெரிக்காவில் 1998-இல் அரசுக்கு ஆலோசனை சொல்லும் ஓர் அமைப்பின் அறிக்கை இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டியது. மறு வருடமே ‘நைடா’ என்ற மத்திய ஆய்வு நிறுவனம் ஒரு வலையமைப்பு தொடங்கி, சோதனைகளை மையங்களுக்குள்ளேயே நடத்தியது. எதைச் சோதிப்பது என்பதில் மையத்துக்காரர்களுக்கும் பங்கு இருந்தது. என்னைக் கேட்டால், முக்கியமான மாற்றம் அதுதான்.

ஓர் உதாரணம் சொல்லுங்களேன்.

அந்த வலையமைப்பு சோதித்த பரிசுக் குலுக்கல். ஒரு கிண்ணத்தில் 500 சீட்டுகள். 250-இல் ‘சபாஷ்’ மட்டும், 209-இல் ஒரு டாலர் மதிப்புள்ள சின்னப் பொருள், 40-இல் இருபது டாலர் பொருள், ஒன்றே ஒன்றில் பெரிய பரிசு. கோகெய்ன் மாதிரியானவை சிறுநீரில் இல்லையென்றால் சீட்டு எடுக்கலாம். தொடர்ந்து சுத்தமாக இருந்தால் எடுக்கும் சீட்டும் கூடும். தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. 2005-இல் வந்த முடிவின்படி, குலுக்கலுடன் 12 வாரமும் சிகிச்சையில் நீடித்தவர்கள் 49 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 35.

இது லஞ்சம் இல்லையா?

அங்கிருந்த ஆலோசகர்கள் பலருக்கும் இந்த உறுத்தல் இருந்தது. ஆனால் போதை உடனே சுகம் தருகிறது. விட்டதன் பலனோ மாதக்கணக்கில் கழித்துத்தான் தெரியும். நடுவில் கையில் கிடைக்க ஏதாவது வேண்டாமா?

அண்ணன் தினமும் குடிக்கிறார். அவருக்கு உதவுமா?

நான்சி பெட்ரி என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த முறையை முதலில் சோதித்ததே குடிநோயாளிகளிடம்தான். சிக்கல் என்னவென்றால், ஊதிப் பார்க்கும் கருவி சில மணி நேரக் குடியைத்தான் காட்டும். அப்புறம், தினமும் குடிப்பவரை வீட்டில் வைத்துத் திடீரென நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

இவ்வளவு பலன் இருந்தும் ஏன் பரவவில்லை?

காசுதான். பரிசுக்கு யார் பணம் தருவது? நோயாளிக்கு அன்பளிப்பு கொடுப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டங்களைப் பற்றிய பயம் வேறு. முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகள் 2011-இல் துணிந்து எடுத்துக்கொண்டன; செலவு அரசுடையது. கலிஃபோர்னியா ஏழைகளுக்கான காப்பீட்டில் சேர்த்தது 2023-இல்தான்.