வீடு தம்பிக்கு, அப்பா அம்மா எனக்கு மட்டுமா?

உப்புவெளியில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. வயசு 46, ரீச்சர், புருசன் கட்டாரில, மூத்த பிள்ளைக்கு இந்த வருசம் ஏ.எல். அப்பாவுக்கு 78 வயசு, பாரிசவாதம் வந்து எட்டு மாசம், வலது கை விளங்காது, பேச்சும் குழறுது. அம்மாவுக்கு 73, முழங்கால் வருத்தம். ரெண்டு பேரும் இவவோடதான். உவர்மலை வீட்டை 2014 இல கடைசித் தம்பிக்கு நன்கொடை உறுதி எழுதிக் குடுத்தவையாம், ஆனா அப்பா அம்மாவுக்குச் சீவிய உருத்து, அதாவது உயிரோட இருக்கிற வரைக்கும் அனுபவிக்கிற உரித்து, வைச்சு. தம்பி கனடாவில, வீடு பூட்டிக் கிடக்கு. இப்ப அவர் அதை விக்கப் போறாராம், ஒரு பேப்பரை வட்சப்பில அனுப்பி அப்பான்ர பெருவிரலை வைச்சு அனுப்பச் சொல்றார். கொழும்பில நல்ல உத்தியோகத்தில இருக்கிற அண்ணன், உனக்குச் சீதனம் தந்தாச்சு, பொம்பிளைப் பிள்ளைதானே பாக்கோணும் எண்டு சொல்லிப்போட்டார். வேலையை விடுறதா, வழக்குப் போடுறதா எண்டு கேக்கிறா.

தங்கச்சி, முதல்ல அந்தப் பெருவிரல். அதை வைக்க விடாதேங்கோ. நீங்க அனுப்பின ஸ்கிரீன்சொட்டை ரெண்டு தரம் வாசிச்சன், அது சீவிய உருத்தை விட்டுக்குடுக்கிற பேப்பர். காணி வீடு சம்பந்தப்பட்ட உரித்தைக் கைமாத்திறதெண்டா 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டப்படி நொத்தாரிசுக்கு முன்னால, ரெண்டு சாட்சியோட கையெழுத்து வைக்கோணும், வீட்டில கட்டில்ல படுத்திருக்கிற மனுசன்ர விரலை மையில தோய்ச்சு எடுக்கிறதால ஒண்டும் செல்லாது, ஆனா அந்தப் பேப்பர் ஒருத்தற்ற கையில இருந்தா நாளைக்கு உங்களுக்குத்தான் தலையிடி. அப்பாவுக்கு விளங்குதா எண்டு டொக்டரிட்ட ஒரு கடிதம் எடுத்து வைச்சிருங்கோ. அற்றோணித் தத்துவம், அதாவது தனக்காகக் காரியம் பாக்க இன்னொருத்தருக்கு அதிகாரம் குடுக்கிற பத்திரம், எழுதுறதெண்டாலும் அவருக்கு விளங்குற நேரத்தில மட்டும்தான் எழுதலாம், நினைவு தவறினாப் பிறகு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்த்தான் அவற்ற காரியங்களைப் பாக்க ஒருத்தரை நியமிக்க வேண்டிவரும், அது நீண்ட வேலை.

இப்ப நீங்க கேக்காத விசயம் ஒண்டு. சீவிய உருத்து எண்டா அந்த வீட்டில இருக்கிறதுக்கு மட்டும் இல்லை, அதின்ர பலனை அனுபவிக்கிறதுக்கும்தான். உறுதியில வேற மாதிரி எழுதியிருக்காட்டி, வீட்டை வாடகைக்குக் குடுத்து அந்தக் காசை எடுக்கிற உரித்து அப்பா அம்மாவுக்குத்தான், தம்பியிட்டக் கேக்கத் தேவையில்லை. தம்பி வித்தாலும் வாங்கிறவன் இந்த உருத்தோடதான் வாங்கோணும், அதாலதான் அவருக்கு அந்தப் பெருவிரல் வேண்டிக்கிடக்கு. காணிப் பதிவகத்தில உறுதியின்ர பதிவைப் பாத்திட்டு, ஒழுங்கான எழுத்து ஒப்பந்தத்தோட நம்பிக்கையான ஆக்களுக்குக் குடுங்கோ. இரவில அப்பாவைப் பாக்க ஒரு ஆளுக்குக் குடுக்கிற காசை எங்க தேடுறது எண்டு எழுதியிருந்தீங்க, அது உவர்மலையில பூட்டிக் கிடக்கு தங்கச்சி.

உறுதியைத் திருப்பி எடுக்கலாமோ எண்டு அம்மா கேட்டவவாம். 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தாப் பிறகு, கடுமையான நன்றிகேடு எண்டு காட்டி ஒரு நன்கொடை உறுதியை ரத்துச் செய்யிறதெண்டா நீதிமன்றக் கட்டளை வேணும், நொத்தாரிசிட்டப் போய் முறிக்கேலாது. லேசான வழக்கும் இல்லை, சீவிய உருத்து இருக்கேக்க இப்ப அவசரமும் இல்லை.

அண்ணன்ர கதைக்கு வாறன். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில பிள்ளைகள் பெற்றாரை வேணுமெண்டு கைவிடக் கூடாது எண்டுதான் இருக்கு, ஆம்பிளைப் பிள்ளை பொம்பிளைப் பிள்ளை எண்டு பிரிக்கேல்ல, சீதனம் வாங்கினவ மட்டும் பாக்கோணும் எண்டும் இல்லை. தங்களைத் தாங்களே பாக்க வழியில்லாத 60 வயசு தாண்டின பெற்றார், பிள்ளைகளிட்ட இருந்து பராமரிப்புக் காசு கேட்டு அந்தச் சட்டத்தில இருக்கிற பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனா கேக்க வேண்டியது அம்மாவும் அப்பாவும், நீங்க இல்லை. நான் செலவழிச்சதைத் தாங்கோ எண்டு நீங்க போய் நிண்டா அது வேற கணக்கு. சபை பெற்றாரின்ர வருமானம், தேவை, பிள்ளைகளின்ர வசதி எல்லாத்தையும் பாக்கும், அப்பான்ர பென்சனையும் கேக்கும், உங்கட சம்பளத்தையும்தான். அதால இண்டைக்கே ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி பம்பர்ஸ், மருந்து, கிளினிக்குப் போன ஓட்டோக் காசு எல்லாம் திகதியோட எழுதி பில்லையும் ஒட்டுங்கோ. பென்சன் எதுக்குக் காணாது எண்டு அந்தக் கொப்பிதான் பேசும். பிரதேச செயலகத்தில முதியோர் விசயம் பாக்கிற உத்தியோகத்தரை அம்மாவோட போய்ச் சந்தியுங்கோ, அவ ஏறமாட்டா எண்டா வீட்டுக்கு வரச் சொல்லிக் கேளுங்கோ, தயங்காதேங்கோ. கொழும்பில சம்பளம் எடுக்கிற அண்ணனிட்ட ஒரு கட்டளையைக் கொண்டுபோகலாம், கனடாவில இருக்கிறவரிட்டக் கொண்டுபோறது கஷ்டம், அவருக்கு அந்தச் சீவிய உருத்துத்தான் உங்கட பிடி.

வேலையை விடாதேங்கோ. அப்பான்ர பென்சன்லதானே இண்டைக்கு அரைவாசி மருந்து வாங்குறீங்க, அந்த மாதிரி உங்களுக்கும் ஒண்டு தேவைப்படும். ஏ.எல். முடியிற வரைக்கும் முடியாமப் போனா சம்பளமில்லாத லீவு எடுக்கலாமோ எண்டு அதிபரிட்டயும் வலயக் கல்வி அலுவலகத்திலயும் எழுத்தில கேளுங்கோ. உங்கட கடிதத்தில ரெண்டு இடத்தில "நான் அலுத்துப்போனன் எண்டு சொல்லக் கூடாது, ஆனா" எண்டு எழுதி வெட்டியிருந்தீங்க. சொல்லலாம் தங்கச்சி, அதில ஒரு பிழையும் இல்லை.

அண்ணனுக்கு முதல்ல அம்மா பேரில ஒரு கடிதம் பதிவுத் தபாலில போகட்டும், மாசம் எவ்வளவு, எந்தத் திகதிக்குள்ள எண்டு தெளிவா. மூண்டு கிழமை பாருங்கோ. பதில் வராட்டி சபைக்கு விண்ணப்பம். அம்மாவுக்குச் சொந்த வருமானம் இல்லை எண்டபடியா சட்ட உதவி ஆணைக்குழுவிலயும் விசாரிச்சுப் பாருங்கோ. போகேக்க 2014 உறுதியின்ர கொப்பி, ரெண்டு பேரின்ர அடையாள அட்டை, டொக்டர் கடிதம், அந்தச் சீ.ஆர். கொப்பி, தம்பி அனுப்பின மெசேஜ் பிரிண்ட் எடுத்தது, எல்லாத்தையும் ஒரு பைலில போட்டுக் கொண்டு போங்கோ.